புதிய லேப் திறக்குமுன்: மதுரை வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்புவனம் பக்கங்களிலும் இருக்கும் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளின் நிர்வாகத்தாருக்கும், முதல்வர்களுக்கும், கணினித் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னை நேரிலேயே தெரியும். டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறேன். சர்வீஸும் உண்டு. சில கல்லூரி லேப்களுக்கு ஆண்டுப் பராமரிப்பும் பார்க்கிறேன். எந்த வரிசையில் எந்த மெஷின் ஓடாமல் கிடக்கிறது என்பது சில இடங்களில் துறைத் தலைவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த சேர்க்கைக்கு முன்னால் ஒரே மாதிரி கொட்டேஷன் கேட்டுப் பல கல்லூரிகளிலிருந்து ஆள் வருகிறது. பெயர் மட்டும் கொஞ்சம் மாறும். ஒருவர் 'கேமிங் அண்டு ஏஐ லேப்' என்பார், இன்னொருவர் 'ஜென்-ஏஐ கேம் ஸ்டுடியோ' என்பார். கேட்கும் சரக்கு ஒன்றுதான்: விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு போட்ட முப்பது சிஸ்டம், சுவரோரம் நீல விளக்கு, வாசலில் பலகை. வியாபாரி என்ற முறையில் நான் வாயை மூடிக்கொண்டு பில் போட வேண்டும். இப்படி ஓர் ஆர்டர் கிடைத்தால் சில்லறை வியாபாரம் பல மாதம் தராத லாபம் ஒரே நாளில் வந்துவிடும். ஆனால் அந்த லேப்பில் உட்காரப்போகிற பிள்ளைகள்தான் சாயங்காலம் என் கடைக்கும் வருகிறார்கள். அவர்கள் என்ன கனவோடு வருகிறார்கள், வீட்டில் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பது காதில் விழுகிறது. அதனால் பில் போடும் முன் எழுதிவிடுகிறேன்.

வீடியோ கேம் தொழிலிலும் ஏஐ-யிலும் 'இனிமேல் எல்லாம் இதுதான்' என்று ஆண்டுக்கு ஒன்றாகக் கிளம்புவதில் பெரும்பாலானதை ஆடுகிறவர்கள் கேட்டதில்லை. அதைச் செய்கிற கலைஞர்களும் புரோகிராமர்களும் கேட்டதில்லை. பங்குதாரர்களுக்குச் சொல்ல ஒரு கதை தேவைப்பட்ட நிர்வாகங்கள் கிளப்பியவை அவை. அந்தக் கதையில் உங்கள் பாடத்திட்டத்தையும் ஒரு குடும்பத்தின் கல்விக் கடனையும் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். இதைத்தான் சொல்ல வருகிறேன். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு இந்தக் கதைகள் எல்லாம் கார்டு விலையாகத்தான் வந்து சேரும். 2021இல் எதீரியம் என்ற கிரிப்டோ காயின் எடுப்பதற்காக (கார்டை ஓடவிட்டால் காயின் சேரும்) ஆளாளுக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் குவித்தார்கள். கம்பெனி அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் சரக்கு இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் டீலர் போனையே எடுக்க மாட்டார். 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டு வைத்து அந்தக் காயின் எடுக்கிற வேலையே ஒழிந்தது. இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகளைத் துடைத்து, பெட்டியில் போட்டு, "ரெண்டு மாசம்தாண்ணே யூஸ் பண்ணேன்" என்று கொண்டுவந்தார்கள். மீனாட்சி பஜார் பக்கம் போனால் இன்னமும் அந்த வசனத்தைக் கேட்கலாம்.

அதே சமயத்தில்தான் விளையாட்டுக்குள் என்எஃப்டி வந்தது. யூபிசாஃப்ட் 2021 டிசம்பரில் 'குவார்ட்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. 'கோஸ்ட் ரீகான் பிரேக்பாயிண்ட்' விளையாட்டில் வரும் துப்பாக்கிக்கும் தலைக்கவசத்துக்கும் தனித்தனி எண் போட்டு, இது உனக்கே சொந்தம் என்று கொடுத்தார்கள். ஆடுகிறவர்கள் சீந்தவில்லை. சில மாதத்தில் அந்த விளையாட்டுக்குப் புதுச்சரக்கு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். 'ஆடினால் சம்பாதிக்கலாம்' என்று பெயர் வாங்கிய ஆக்ஸி இன்ஃபினிட்டிக்குப் பின்னால் இருந்த ரோனின் வலைப்பின்னலிலிருந்து 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. அப்புறம் மெட்டாவெர்ஸ், தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நுழைகிற கணினி உலகம். ஃபேஸ்புக் தன் பெயரையே 2021 அக்டோபரில் மெட்டா என்று மாற்றிக்கொண்டது. அதற்கென்று வைத்த பிரிவில் இதுவரை வந்த நட்டம் 6,000 கோடி டாலருக்கு மேல்.

அந்தக் காற்று மதுரைக்கும் அடித்தது. பெயர் வேண்டாம், ஒரு கல்லூரியில் விஆர் ஹெட்செட் வாங்கி மெட்டாவெர்ஸ் லேப் திறந்தார்கள். சிறப்பு விருந்தினர் மாட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார்கள், அடுத்த ஆண்டு அட்மிஷன் நோட்டீசில் அந்தப் போட்டோ வந்தது. கடைசியாக நான் சர்வீஸுக்குப் போனபோது ஹெட்செட் எல்லாம் பீரோவுக்குள் இருந்தன. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

'ஏஐ அப்படியா, அது நிஜமான சரக்காயிற்றே' என்று கேட்பீர்கள். சரி, நிஜமான சரக்குதான். டீலருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத நானே பயன்படுத்துகிறேன். போர்டு காட்டும் எரர் கோடுக்கு அர்த்தம் தேடவும் உதவுகிறது. அதன் வரலாற்றில் விளையாட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 2012இல் படங்களை அடையாளம் காண்பதில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அலெக்ஸ்நெட் என்ற ஏஐ-க்குப் பயிற்சி கொடுத்தது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில். கேம் ஆடுகிறவர்களுக்காகக் கடையில் விற்ற கார்டு அது. டெமிஸ் ஹசாபிஸ், டீப்மைண்ட் என்ற ஏஐ கம்பெனியைத் தொடங்குவதற்குப் பல ஆண்டு முன்னால் விளையாட்டு வடிவமைப்பாளராக இருந்தவர். இந்த இரண்டு துறையும் உறவுக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏஐ-யால் என்ன முடியும் என்பதும், ஏஐ என்று சொல்லி என்ன விற்கிறார்கள் என்பதும் வேறு வேறு சங்கதி. இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உறவில் யார் கை ஓங்கியது என்பதற்குக் கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவின் கணக்கே சாட்சி. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் கேமிங் கார்டில் அந்தக் கம்பெனிக்கு வந்தது சுமார் 1,250 கோடி டாலர், டேட்டா சென்டருக்கு விற்ற சரக்கில் சுமார் 1,060 கோடி. மூன்றே ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் டேட்டா சென்டர் வருமானம் 11,500 கோடி டாலர். கேமிங் சுமார் 1,135 கோடியிலேயே நின்றது. இதில் எந்த வாடிக்கையாளருக்கு முதலில் சப்ளை கிடைக்கும் என்று கேட்டால், பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கூடச் சொல்லிவிடுவார்.

ரேம் கதை இன்னும் மோசம். ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்பில், உலகம் முழுவதும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே கம்பெனிகள். மூன்றும் ஏஐ சர்வருக்கான மெமரி பக்கம் சாய்ந்ததில் 2025 கடைசியில் சாதாரண டிடிஆர்5 ரேம் விலை சில மாதத்துக்குள் இரட்டிப்புக்கும் மேலே போனது. மைக்ரான் 2025 டிசம்பரில், நம்மைப் போன்ற கடைகளில் விற்கும் குரூசியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. உங்கள் மாணவன் பழைய சிஸ்டத்துக்கு 8 ஜிபி கூடுதலாகப் போட்டு வீட்டில் பிராஜெக்ட் செய்யலாம் என்று வருகிறான். விலையைக் கேட்டுவிட்டு, "அடுத்த மாசம் வர்றேண்ணே" என்று போகிறான். அதே வாரம் அவன் கல்லூரி என்னிடம் ஏஐ லேப்புக்குக் கொட்டேஷன் கேட்கிறது.

மாணவர்கள் எதை ஆடுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பின் கடைசி பெஞ்சில் நடக்கிறது. பிஜிஎம்ஐ-யும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸும். இரண்டும் இலவசம். இலவச விளையாட்டு எதில் சம்பாதிக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் முக்கியமான பாடம். உங்கள் 'கேம் டெவலப்மென்ட்' சிலபஸ் சிலவற்றைப் பார்த்தேன், இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது தொடங்கிய விதம் சிரிப்பாக இருக்கும். 2006இல் பெதஸ்டா தன் 'ஆப்ளிவியன்' விளையாட்டில் குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டாலருக்குத் தனியாக விற்றது. உலகமே கேலி செய்தது. கேலி செய்தவர்களில் கணிசமானவர்கள் வாங்கவும் செய்தார்கள். கம்பெனிகள் இரண்டாவதைத்தான் கவனித்தன. அங்கிருந்து 'என்ன வரும் என்று தெரியாத பெட்டி'க்கு வந்தார்கள். பணம் கட்டினால் பெட்டி திறக்கும், உள்ளே நீ கேட்டது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2017 நவம்பரில் இஏ நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' விளையாட்டில் இதை வைத்தபோது கிளம்பிய எதிர்ப்பில், விளையாட்டு வெளியாகும் நேரத்தில் பண விற்பனையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், சில பிரபலமான விளையாட்டுகளில் இருந்த பெட்டிகள் தன் நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று சொன்னது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, வேண்டாததை வாங்கவைக்கும்படி பொத்தான்களை அமைத்ததற்காக ஆடுகிறவர்களுக்குத் திருப்பித் தரும் பணம். 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் நிறுவனம் 2 கோடி டாலரில் சமரசம் செய்துகொண்டது. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பதினாறு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெட்டி விற்கக் கூடாது என்பதும் அந்தச் சமரசத்தில் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். சுரண்டல் லாட்டரி என்றால் போதும். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்டரிக் கடைகள் இருந்த காலம் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனை குடும்பம் அதில் போனது என்று பார்த்துத்தான் 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தினார்கள். இணைய ரம்மி மாதிரியான விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2020 ஜூலையில் எடுத்துச் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்துப் பணம் எடுக்கும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. நல்ல காரியம். ஆனால் பெட்டி திறக்கிற வியாபாரம் அந்த வலைக்குள் மாட்டாமல் நழுவுகிறது. உள்ளேயிருந்து பணம் வெளியே வராது, வெறும் சட்டையும் துப்பாக்கி வண்ணமும்தான் வரும், அதனால் இது பந்தயம் இல்லை என்பது கம்பெனிகளின் வாதம். லாட்டரியிலாவது எப்போதாவது பணம் விழும் ஐயா.

கடையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். "அண்ணே, உங்க ஜிபேல இருந்து யூசி போட்டு விடுங்க, கையில காசு தர்றேன்" என்று வருவார்கள். யூசி என்பது பிஜிஎம்ஐ-க்குள் செல்லும் காசு, பெட்டிச் சக்கரத்தைச் சுற்ற அதுதான் வேண்டும். வீட்டில் யார் போனிலும் கணக்குத் தெரியக் கூடாது, அதற்குத்தான் இந்த வழி. நான் போட்டுத் தருவதில்லை, அடுத்த கடைக்குப் போவார்கள். ஏன்டா இவ்வளவு என்று கேட்டால், "நூறு தடவை சுத்துனா கண்டிப்பா விழும்ணே, ஒரு பர்சன்ட் இருக்குல்ல" என்பான். பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிற பையன் சொல்கிறான் இதை. உங்கள் கணிதத் துறையில் இருக்கிற யாராவது கரும்பலகையில் போட்டுக் காட்டுங்களேன். ஒவ்வொரு சுற்றிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், நூறு சுற்று முடிந்தபோதும் நூறு பேரில் சுமார் 37 பேருக்குக் கிடைத்திருக்காது. முந்நூறு சுற்றுக்குப் பிறகும் ஐந்து பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த பையன் கால்குலேட்டரை எடுத்தான், போட்டுப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் கேபிளை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சீனா 2017இலிருந்து இந்த வாய்ப்பு விகிதங்களை வெளியிடச் சொல்கிறது, ஆப்பிளும் தன் கடையில் அதைக் கட்டாயமாக்கியது. எண்கள் எல்லாம் விளையாட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கின்றன. மாணவர்களுக்குத் தேடிப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆள்தான் வேண்டும். ஏன் ரூபாயை யூசி-யாகவும், ஃப்ரீ ஃபயரில் டயமண்டாகவும் மாற்றச் சொல்கிறார்கள்? வாங்கும் யூசிக் கட்டின் அளவும் பொருளின் விலையும் ஏன் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல் எப்போதும் கொஞ்சம் மிச்சம் விழுகிறது? மணிக்கணக்கு காட்டிக் கீழே ஓடுகிற 'இன்னும் இவ்வளவு நேரம்தான்' யாருக்காக? ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசலாம். பேசினால் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு அந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வார்கள்.

இப்போது ஏஐ-க்கு வருகிறேன். அங்கேயும் இதே வழியில்தான் நடக்கிறார்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்பிளெக்சிட்டி புரோ என்ற ஏஐ சேவையை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. மதிப்பு 17,000 ரூபாய் என்றார்கள். அக்டோபர் கடைசியில் ஜியோவும் கூகுளும் சேர்ந்து ஜெமினியைப் பதினெட்டு மாதத்துக்கு, மதிப்பு 35,100 ரூபாய் என்றார்கள். நவம்பரில் ஓப்பன்ஏஐ, மாதம் 399 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த 'சாட்ஜிபிடி கோ' சந்தாவை இந்தியாவில் ஓராண்டுக்குச் சும்மா கொடுத்தது. இவ்வளவு பெரிய மனசு எதற்கு? மாதம் 200 டாலர் கட்டுகிற சந்தாதாரர்களிடமே தங்களுக்கு நட்டம்தான் என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேன் 2025 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார். வழக்கமான மென்பொருளை ஒரு முறை எழுதிவிட்டால் பத்து லட்சம் பேருக்குக் கொடுப்பதற்குப் பெரிதாகச் செலவாகாது. ஏஐ அப்படி இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் கார்டு ஓடுகிறது, மின்சாரம் செலவாகிறது. 200 டாலர் கட்டுகிறவனிடம் நட்டம் என்றால், உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவனுக்குச் சும்மா கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

பழக்கப்படுத்தும் செலவு என்று எழுதுவார்கள். பிஜிஎம்ஐ-யை இறக்கக் காசு கேட்காததும் அதே கணக்குதான். பதின்மூன்றாம் மாதமோ பத்தொன்பதாம் மாதமோ கட்டணம் கேட்பார்கள். அல்லது விளம்பரம் வரும். அல்லது நல்ல மாடலைப் பூட்டிவிட்டு மட்டமானதைச் சும்மா விடுவார்கள். அதற்குள் உங்கள் மாணவனுக்கு அது இல்லாமல் ஒரு லூப் எழுத வராது என்றால், அவன் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஏஐ-யைத் தொடாதே என்று சொல்லிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது நடக்கவும் நடக்காது. இலவசச் சந்தாவைச் சிலபஸின் தூணாக வைக்காதீர்கள் என்கிறேன். கம்பெனிப் பிரதிநிதி வந்து 'எம்ஓயூ போடலாம் சார், காசே வேண்டாம்' என்று சொல்லும்போது, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

வேலைவாய்ப்பு பற்றி உங்கள் நோட்டீஸ்களில் வரும் வாக்கியங்கள் என்னை உறுத்துகின்றன. 'பல லட்சம் கோடித் தொழில், திறமையாளர் பற்றாக்குறை' என்கிறீர்கள். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கியது 2023 அக்டோபரில். அடுத்த ஜனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை அனுப்பினார்கள். 2025 ஜூலையில் கம்பெனி முழுவதும் சேர்த்துச் சுமார் 9,000 பேர். ஆண்டுக்கணக்கில் வேலை நடந்த விளையாட்டுகள் பாதியில் கைவிடப்பட்டன. அதற்கு முந்தின மாதம் முடிந்த நிதியாண்டில் ஏஐ டேட்டா சென்டருக்கு அந்தக் கம்பெனி ஒதுக்கியதாகச் சொன்னது 8,000 கோடி டாலர். சோனி 2024 ஆகஸ்ட் 23இல் வெளியிட்ட 'கான்கார்ட்' விளையாட்டு செப்டம்பர் 6இல் மூடப்பட்டது, இரண்டே வாரம். எல்லாரும் ஆடுகிற ஒரு விளையாட்டைப் போல இன்னொன்றை வைத்து வருடக்கணக்கில் காசு கறக்கலாம் என்ற கணக்கு. அதைச் செய்த ஸ்டுடியோவையும் அக்டோபரில் மூடினார்கள். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிஜிஎம்ஐ-யின் கிராஃப்டன் நிறுவனம்கூட 2025 அக்டோபரில் இனி ஏஐ-க்கே முதலிடம் என்று அறிவித்தது. ஹாலிவுட் சங்கத்தைச் சேர்ந்த விளையாட்டுக் குரல் கலைஞர்கள், தங்கள் குரலை ஏஐ-க்கு ஊட்டுவதற்கு வரையறை வேண்டும் என்று 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஓராண்டு நடந்தது.

இதெல்லாம் அமெரிக்கா, கொரியா கதை, நம் ஐடி பார்க் இருக்கும் வடபழஞ்சிக்கும் இலந்தைக்குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே முதலில் நின்றுபோகிற வேலை எது? படத்தைச் சுத்தம் செய்வது, விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு. இந்தியாவுக்கு அவுட்சோர்ஸ் ஆகி வந்த வேலைகளும் அவைதான்.

2020-21இல் ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ் பி.டெக். தொடங்கியபோது எவ்வளவு ஆசிரியர்கள் அதற்குத் தயாராக இருந்தார்கள் என்பது உங்களுக்கே வெளிச்சம். மெக்கானிக்கல் எடுத்தவரே இந்தப் பாடத்தையும் எடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுக் காலையில் வந்து நடத்தியவர்களை எனக்குத் தெரியும். இப்போது அதன்மேல் 'கேமிங்' என்று இன்னொரு மாடி கட்டப்போகிறீர்கள்.

கட்டுவதானால் எதைக் கொண்டு கட்டுவது என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. நம் கல்லூரிகளில் கேம் என்றாலே யூனிட்டிதான் சொல்லிக் கொடுக்கிறார்கள், விளையாட்டைக் கட்டும் மென்பொருள் (எஞ்சின்) அது. 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி திடீரென்று, ஓரளவுக்கு மேல் விற்ற விளையாட்டுகளை ஒவ்வொரு முறை ஒருவர் இன்ஸ்டால் செய்யும்போதும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே விற்ற விளையாட்டுகளும் சேர்த்துதான். ஆண்டுக்கணக்காக அதை நம்பி உழைத்தவர்கள் கொதித்தார்கள். தலைமை நிர்வாகி அடுத்த மாதம் விலகினார், ஓராண்டு கழித்துக் கட்டணத்தையே கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான். நாளைக்கு வேறு ஒன்று வராது என்று யார் பொறுப்பேற்பது? கோடோ என்று ஒரு எஞ்சின் இருக்கிறது, திறந்த மூலம், காசு இல்லை, லைசென்ஸ் பயம் இல்லை, என் கடையில் விற்கும் சாதாரண சிஸ்டத்தில் ஓடும். முப்பரிமாண வேலைக்குப் பிளெண்டர். இரண்டையும் சொல்லிக் கொடுத்தால் மாணவன் வீட்டுக்குப் போயும் அதே வேலையைத் தொடரலாம். எனக்கு இதில் கமிஷன் கிடையாது என்பதைக் கவனிக்கவும்.

அப்புறம், என்ன செய்யச் சொல்வது? முப்பது பேர் சேர்ந்து ஒரு 'பிஜிஎம்ஐ மாதிரி' ஒன்றைத் தொடங்கி, பாதியில் விட்டு, ஏஐ வரைந்த படத்தை ஒட்டி, பிராஜெக்ட் ரிவ்யூவில் ஸ்லைடு காட்டுவது இப்போதைய வழக்கம். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம், 2024 ஜனவரியிலிருந்து விளையாட்டில் ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. 2025 டிசம்பரில் இண்டி கேம் அவார்ட்ஸ், 'எக்ஸ்பெடிஷன் 33' விளையாட்டுக்குக் கொடுத்த விருதுகளை அது ஏஐ பயன்படுத்தியதற்காகத் திரும்ப வாங்கிக்கொண்டது. சரியா தவறா என்று விவாதம் நடக்கிறது. அந்த விவாதமாவது உங்கள் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பையன் தெப்பக்குளத்தைப் பின்னணியாக வைத்து விளையாட்டு செய்தான். மதுரைக்காரர்கள் பேசுகிற மாதிரி வசனம் எழுது என்று ஏஐ-யிடம் கேட்டிருக்கிறான். வந்த வசனம் எல்லாம் சினிமா ரவுடி பேசுவது. பூக்காரம்மாகூட அருவாளைத் தூக்குகிறது. அவன் பாட்டி சிம்மக்கல்லில் இருக்கிறாள், அவளிடம் அரை மணி நேரம் பேசச் சொன்னேன்.

2023இல் வந்த 'வெண்பா' விளையாட்டை எத்தனை பேர் ஆடியிருக்கிறீர்கள்? டொரண்டோவிலிருந்து சிறிய குழு ஒன்று செய்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெட்டி இல்லை, சுற்றல் இல்லை, தினமும் வந்து பரிசு வாங்கு என்ற நச்சரிப்பு இல்லை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா தரும் முதல் படைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்தார். 2016இல் வந்தது, 2024 முடிவுக்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது, புதிய பகுதிகளை இன்றுவரை காசு வாங்காமல் கொடுக்கிறார். எல்லாரும் பரோன் ஆகிவிட முடியாது, தெரியும். சிறிதாக ஒன்றைத் தொடங்கி முடிப்பது எப்படி என்று கற்றவனுக்கு, விளையாட்டுத் தொழில் கைவிட்டாலும் வேறு இடத்தில் வேலை கிடைக்கும். டிரெண்டின் பெயர் எழுதிய சான்றிதழுக்கு அந்த டிரெண்டு இருக்கும்வரைதான் மதிப்பு.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பலகையில் எதை எழுதினாலும் எழுதுங்கள், முதல் செமஸ்டரில் ஒவ்வொரு மாணவனும் ஒரு சின்ன விளையாட்டை, பத்து நிமிடம் ஓடினாலும் போதும், முழுதாக முடித்து வெளியிடட்டும். பெட்டிக் கணக்கைக் கணிதத் துறையிலிருந்து ஒருவர் வந்து நடத்தட்டும். அட்மிஷன் சமயத்தில் பெற்றோரிடம் போன ஆண்டு எத்தனை பேருக்கு எந்த வேலை கிடைத்தது என்பதைத் துறைவாரியாக எழுதிக் கொடுங்கள். எந்தக் கம்பெனி வளாகத்துக்கு வந்தது என்ற லோகோ வரிசை யாருக்கும் உதவாது. நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, பிள்ளைகள் செய்ததை ஆண்டுக்கு ஒரு முறை அங்கே பொதுமக்களுக்குக் காட்ட முடியுமா என்று நூலகத்தாரைக் கேட்டுப் பாருங்கள். ஆடிப் பார்க்கும் எட்டு வயதுக் குழந்தை சொல்லும் குறையை எந்த ரிவ்யூ கமிட்டியும் சொல்லாது.

கொட்டேஷன் கேட்டிருந்தவர்களுக்கு இரண்டு விதமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று நீங்கள் கேட்டபடி முப்பது சிஸ்டத்திலும் பெரிய கார்டு. இன்னொன்றில் நான்கு சிஸ்டத்தில் மட்டும் பெரிய கார்டு, மற்றவற்றில் வேலைக்குப் போதுமான சாதாரணக் கார்டு. மிச்சமாகும் பணத்தில் வரைவதற்கு டேப்லெட், குரல் பதிவு செய்ய நல்ல மைக், மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக சில பழைய லேப்டாப். எனக்கு லாபம் முதலாவதில்தான் அதிகம். எது வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள், ஏதாவது சந்தேகம் என்றால் இரவு ஏழு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், கூட்டம் இருக்காது. ரேம் விலை வாரத்துக்கு ஒன்றாக இருப்பதால் இரண்டு கொட்டேஷனும் ஏழு நாளைக்குத்தான் செல்லும்.

இப்படிக்கு,
டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்